முன்னூற்று எண்பத்தாறாம் மணி

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. கேட்டவர் ஒரு கணக்கு டீச்சர். கேட்கப்பட்டவர், பழைய கார்களை வாங்கும் முன் சோதித்துச் சொல்கிற ஒரு மெக்கானிக். "அந்த மணியை வச்சு தேதி கண்டுபிடிக்க முடியுமா சார்?" இவ்வளவுதான் கேள்வி. கேட்கும்போது டீச்சர் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் நடுங்கியதாக முதல் படியில் எழுதியிருந்தேன். நடுங்கவில்லை. அடித்துவிட்டேன். நடுங்காத அந்தக் கைதான் இத்தனை நாளாக என்னைத் தூங்கவிடாமல்—

(இதையும் அடிக்க வேண்டும். நன்றாகவே தூங்கினேன். உறுத்துவது அதுதான்.)

அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பிறகு சொல்கிறேன்.

2

"மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் வெயிலில் புலியைப் போல—" வேண்டாம். காரைப் புலி என்கிறவர்கள் யாரும் அதன் அடியில் படுத்துப் பார்த்ததில்லை.

"பல் டாக்டர் பொய் சொல்லாதவர்." உண்மைதான். ஆனால் முதல் வரியிலேயே இப்படிச் சொன்னால் நீங்கள் அவரைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவீர்கள்.

"மெக்கானிக் முழங்காலுக்கு அடியில் ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டார்." இது இருக்கட்டும்.

அவர் கேபிளைச் சொருகினார். மடிக்கணினியில் வரிகள் ஓடின. டர்போ வைத்த இந்த ரகக் காரில் இன்ஜின் தன் அளவை மீறிச் சுற்றினால், காருக்குள் இருக்கும் கணினி அதைக் குறித்துவைத்துக்கொள்ளும். எத்தனை சுற்று, இன்ஜின் ஓடிய எத்தனையாவது மணியில் என்று இரண்டே விவரம். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது; கணினியே எரிபொருளை நிறுத்திவிடும். தாண்டுவதற்கு ஒரே வழி, வேகமாகப் போகும்போது நான்காம் கியருக்குப் பதிலாகக் கை தவறி இரண்டாம் கியரைப் போடுவது. அப்போது சக்கரங்கள் இன்ஜினைப் பிடித்து இழுக்கும். வால்வு வளையலாம், உள்ளே ஏதாவது விரிசல் விடலாம். உடனே தெரியாது. ஒரு நாள் நடுச்சாலையில் தெரியும்.

இந்தக் காரில் அது ஒரே ஒரு முறை நடந்திருந்தது. உச்ச அளவில். முன்னூற்று எண்பத்தாறாம் மணியில்.

3

பல் டாக்டரை நல்லவராக எழுதுவதில் எனக்குத் தயக்கம் இருந்தது. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் என்றால் கொஞ்சம் திமிர் பிடித்தவராகக் காட்டினால் கதை சுலபமாக நகரும். ஆனால் அவர் அப்படி இல்லை. ஒன்பது வருட சர்வீஸ் பில்களையும் தேதி வாரியாகத் துளை போட்டு ஒரு நீல ஃபைலில் கோத்து வைத்திருந்தார். ஒவ்வொரு பில்லிலும் இன்ஜின் ஓடிய மணி இருந்தது. இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதே இல்லை என்றார். தன்னைத் தவிர யாரும் இதை ஓட்டியதில்லை, மனைவிக்கு அவளுடைய கியர் இல்லாத சின்னக் காரே போதும் என்று சொல்லிச் சிரித்தார்.

மெக்கானிக் எத்தனையோ பேர் இதே இடத்தில் நின்று இதையே சொல்லக் கேட்டவர். ஆனால் அவர்கள் யாரும் நீல ஃபைல் வைத்திருக்கவில்லை. இந்த மனுஷன் பொய் சொல்லவில்லை, இயந்திரமும் சொல்லவில்லை என்று அவருக்குத் தோன்றியது. கையோடு கொண்டுவந்த சின்ன அச்சு இயந்திரத்தில் அறிக்கையை அச்சடிக்கக் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

டாக்டர் இரண்டாவது சாவியைத் தேடி மாடிக்குப் போனார். காரை வாங்க வந்த ஆள் தெருவில் நின்று அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். (இந்த ஆளுக்கு எத்தனை முறை எழுதியும் முகம் வரவில்லை. பிறகு பார்ப்போம்.) அந்த நேரத்தில்தான் டாக்டரின் மனைவி, அந்தக் கணக்கு டீச்சர், தண்ணீரோடு வந்தார். அச்சு இயந்திரத்திலிருந்து வெளியே வந்த தாளைப் பார்த்தார். கேள்வியைக் கேட்டார்.

4

அடுத்து நடந்த பேச்சை நான் கேட்கவில்லை. மெக்கானிக் பின்னால் என்னிடம் சொன்னது.

பில் இருந்தால் கண்டுபிடிக்கலாம் என்றாராம் அவர். டீச்சர் தலையசைத்தாராம். சர்வீஸ் முடிந்து கார் வீட்டுக்கு வந்தபோது முன்னூற்று எண்பத்தைந்து, வந்த நாலாம் நாள் அது நடந்தது என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னாராம்.

அந்த வாரம் டாக்டர் வெளியூரில் இருந்தார். மாமனாருக்கு, அதாவது டாக்டரின் அப்பாவுக்கு, நெஞ்சுவலி. டீச்சருடைய சின்னக் கார் பட்டறையில் கிடந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருக்கப் பொறுக்காமல், பெரியவரை இந்தக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மேம்பாலத்து இறக்கத்தில் கியர் தவறியது. இன்ஜின் அலறியது, கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை.

மெக்கானிக் கேட்டாராம்: "கிளட்ச்சை மிதிச்சீங்களா?"

"இல்ல சார். பிரேக்கை மட்டும்தான் மிதிச்சேன். என் வண்டியில அப்படித்தானே. கிளட்ச்சை மிதிச்சாத்தான் இது ஸ்டார்ட் ஆகும்னு எட்டு நிமிஷம் கழிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சு."

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது பெரியவரின் உயிர் போயிருந்தது.

"ஆம்புலன்ஸ் லேட்டுன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். இன்னைக்கும் ரோட்டுல ஆம்புலன்ஸைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறார். அஞ்சு வருஷமா பக்கத்துல உட்கார்ந்து அதைப் பார்த்துட்டிருக்கேன்."

(எட்டு நிமிஷம் என்பது நான் போட்ட எண். "கொஞ்ச நேரம்" என்றுதான் சொன்னாராம். கணக்கு டீச்சர், அந்த ஒரு இடத்தில் மட்டும் எண் சொல்லவில்லை.)

5

மெக்கானிக்கின் இக்கட்டை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அந்த மணியைச் சொன்னால் கார் தப்பிக்கும். அதற்குப் பிறகு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் ஓடியிருக்கிறது. உள்ளே உடைந்திருந்தால் எப்போதோ உடைந்திருக்கும். டாக்டரும் தப்பிப்பார். பில்லின் தேதியைப் பார்த்தால் அது அவருடைய அப்பா இறந்த வாரம், அப்போது அவர் ஊரில் இல்லை என்பது தெரிந்துவிடும். மாட்டிக்கொள்வது டீச்சர் ஒருவர்தான். மணியை மறைத்துச் சுற்றை மட்டும் சொன்னால் டீச்சர் தப்பிப்பார். ஆனால் ஒன்பது வருடம் பில் கோத்து வைத்த மனிதர், வாங்க வந்தவன் முன்னால் பொய்யராக நிற்க வேண்டும். காரும் யாரும் தொடாத காராகிவிடும்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: டீச்சரே கணவனிடம் சொல்கிறார், இருவரும் அழுகிறார்கள். இரண்டு நாள் கழித்துப் படித்தபோது எனக்கே கூசியது. அடுத்தவர் வாயில் வாக்குமூலத்தைத் திணிப்பது எழுத்தாளனுக்குச் சுலபம்.

இரண்டு: மெக்கானிக் தாளைக் கிழித்துவிட்டுக் கருவி கோளாறு என்கிறார். இருபது வருடத் தொழிலில் அவர் அப்படிச் செய்ததில்லை. என் வசதிக்காக அவரைச் செய்யவைக்க முடியாது.

மூன்று: டாக்டருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்று— போதும்.

உண்மையில் மெக்கானிக் செய்தது மிகச் சின்னது. டாக்டர் சாவியோடு இறங்கி வந்தார். வாங்க வந்தவனும் உள்ளே வந்தான். மெக்கானிக் தாளை நீட்டினார், ஆனால் விடவில்லை. கறுப்பு எண்ணெய் ஏறிய கட்டைவிரல், மணி அச்சாகியிருந்த கடைசி வரியின் மேல் இருந்தது. "ஒருவாட்டி அதிகமா சுத்தியிருக்கு. ரொம்பப் பழசு. இன்ஜினுக்கு நான் பொறுப்பு, தைரியமா வாங்கலாம்," என்றார்.

யாருக்கும் பொறுப்பேற்காத தொழில் அது. அன்றைக்கு அவர் ஏற்றார். அந்த விரலைப் போல ஒரு வரி எழுத எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

6

வாங்க வந்தவனுக்கு ஏன் முகம் வரவில்லை என்று இப்போது சொல்கிறேன். கண்ணாடியைப் பார்த்து எழுத வேண்டியிருந்தது.

நாற்பது வயதைத் தாண்டி மஞ்சள் காருக்கு ஆசைப்பட்டவன் நான். மெக்கானிக்கைக் கூட்டிப் போனதும் நான். எனக்கு அந்த மணி தேவையே இல்லை. நல்ல கார் என்று அவர் சொல்லியாயிற்று. டீச்சர் கதவோரம் நின்றதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் கேட்டேன்.

"விரலை எடுங்க சார்."

திரும்பி வரும் வழியில் மெக்கானிக் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பாதி வழியிலேயே இறங்கிக்கொண்டார். "இதைத்தானே தெரிஞ்சுக்கணும்னு நின்னீங்க," என்றார். அதற்குப் பிறகு என் போனை அவர் எடுக்கவில்லை.

அவர் விரலை எடுத்ததும் டாக்டர் என்ன செய்தார், நீல ஃபைலில் எந்தப் பக்கத்தைத் திறந்தார், டீச்சரிடம் என்ன கேட்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நின்று பார்த்தேன். எழுத மாட்டேன். என்னால் அந்த வீட்டுக்கு இனிச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

அதனால் கதையை ஒரு நிமிடம் பின்னால் தள்ளி, அங்கேயே நிறுத்துகிறேன். டாக்டர் கையில் இரண்டு சாவியும் இருக்கின்றன. டீச்சர் கதவோரம் நிற்கிறார். தாளின் ஒரு முனை மெக்கானிக்கிடம், விரல் கடைசி வரியின் மேல். மறுமுனையை இப்போது நீங்கள் பிடித்திருக்கிறீர்கள்.

கார் நல்ல கார். அவர் சொல்லிவிட்டார். நீங்கள் இன்னும் எதையாவது கேட்க வேண்டுமா?