லிஃப்ட் மெக்கானிக் கேட்ட முடிவு

1

இந்தக் கதையை நானாக யோசிக்கவில்லை. ஒரு லிஃப்ட் மெக்கானிக் என் அறைக்கு வந்து கேட்டார்: “அண்ணே, கடைசியில நாலாவது மாடி அக்கா என்னை மன்னிச்சிட்டாங்கன்னு எழுதுங்க. காகிதத்துலயாவது நடக்கட்டும்.”

இந்த ஊரில் என்னை அண்ணே என்று கூப்பிட வேறு ஆள் கிடையாது. தலையாட்டிவிட்டேன்.

2

‘மெக்கானிக் லிஃப்டின் கூரைமேல் மல்லாந்து படுத்திருந்தான். ஒவ்வொரு மாடியாக, தூக்கத்தில் நடப்பதுபோல், அவனைக் கடந்து கீழே இறங்கி…’

(அழகாக வருகிறது. ஒரு சாவைச் சொல்ல அழகு எதற்கு? விட்டுவிட்டேன்.)

நேராகச் சொல்கிறேன். கதவு மூடாமல் லிஃப்ட் நகராது. அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. பழுது பார்க்கும்போது அதை ஒரு துண்டு ஒயரால் ஏமாற்றி வைப்பார்கள். முடிந்ததும் ஒயரை எடுக்க வேண்டும். இவர் மறந்தார். நாலாவது மாடியில் கதவு திறந்திருக்க, லிஃப்ட் கீழே போய்விட்டது. அக்காவின் கணவர் பேப்பர் படித்துக்கொண்டே உள்ளே கால் வைத்தார்.

மெக்கானிக் ஜெயிலுக்குப் போய்வந்தார். ஆறு வருஷமாக அக்காவுக்குத் தண்ணீர் கேன் தூக்குகிறார், படியேறி. போன வருஷம் தீப்பிடித்த வீட்டில் புகுந்து மூன்று பேரைக் காப்பாற்றினார்.

(இரண்டு பேர்தான். மூன்றாவது ஆளை நான் சேர்த்தேன், தராசு சாய்கிறதா என்று பார்க்க. சாயவில்லை.)

சில மதியங்களில் லிஃப்ட் தானாகவே நாலாவது மாடிக்கு வந்து, கதவைத் திறந்து, யாருக்காகவோ நின்றுவிட்டுப் போகிறது.

3

‘அக்கா கண்ணீருடன்…’ என்று நாலு தடவை ஆரம்பித்தேன். அக்கா அழுகிற ஆளே இல்லை. படியில் மறித்து, அவரை மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

“நீங்க அவனுக்கு வக்கீலா?”

“எழுதுறவன்க்கா.”

“ரெண்டும் வாயை வச்சுப் பிழைக்கிறதுதானே!” சிரித்தார். பிறகு சொன்னார்: “தங்கமான பையன்தான். ஆனா அவன் கேனோட வந்து நிக்கிறப்பல்லாம், எங்க வீட்டுக்காரர் தூக்க வேண்டியதைத்தானே தூக்குறான்னு தோணும்.”

“வராதேன்னு சொல்லிடலாமே?”

“சொல்லிட்டா… அப்புறம் அவரை நெனச்சுக்கிட்டு இந்தக் கதவைத் தட்ட யார் இருக்கா?”

4

இருந்தாலும் வாக்கு கொடுத்தாயிற்று. எழுதினேன்: ‘“உள்ள வா தம்பி” என்றார் அக்கா.’ ஆறு வருஷத்தில் மெக்கானிக் அந்த வாசலைத் தாண்டியதே இல்லை.

படித்தார். பிறகு என் பேனாவை வாங்கி, அவரே அந்த வரியை அடித்தார்.

“வேணாம்ணே. அது அவங்க வாயால வரணும்.”

அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும். நாலாவது மாடி வீட்டில், அக்காவின் இடத்தில், இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். மணி அடிக்கிறது. திறந்தால், மூச்சு வாங்க, தோளில் கேனோடு அவர்.