எதிர்ச் சுவர் பிளக்

அக்கா மேடையில் பாடுகிறவள். அவள் கணவர், எங்கள் மாமா, கீபோர்டு வாசிப்பார். சவுண்டு என் பொறுப்பு. எந்த மண்டபத்துக்குப் போனாலும் மாமா, "எனக்குக் காத்து வேணும்டா" என்று ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவார். மிக்சருக்கு ஒரு சுவரில் கரண்ட், கீபோர்டுக்கு ஜன்னல் பக்கத்து எதிர்ச் சுவரில். ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று இரையாமல் என்ன செய்யும்? ஒரே பிளக்கில் போடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். சிரித்தே மழுப்பிவிடுவார்.

மாமா போய்ச் சேர்ந்த பிறகு இதுதான் முதல் கச்சேரி. கீபோர்டும் என் தலையில். பழக்கதோஷத்தில் எதிர்ச் சுவருக்கே வயர் இழுத்துவிட்டேன். ஒத்திகையில் அதே இரைச்சல். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டையும் ஒரே பிளக்கில் செருகினேன். ஸ்பீக்கர் கப்சிப்.

கீபோர்டில் சுருதி கொடுத்தேன். அக்கா ஆரம்பித்தாள், சேரவில்லை. மறுபடியும் ஆரம்பித்து, நிறுத்திவிட்டாள்.

"அந்தச் சத்தத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான்டா இத்தனை வருஷமும் பாடினேன். அவருக்குத் தெரியும். காத்தெல்லாம் சும்மா."

கீபோர்டு வயரைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நடந்தேன்.