தெரிவிக்க வேண்டாம்

இது கப்பல் புறப்பட்ட ஒன்பதாம் நாள் நடந்ததா, பதினோராம் நாளா என்பதில் எனக்கு நிச்சயமில்லை. அவளே இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறாள். மற்றதையாவது சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா, தெரியாது.

அவள் எலக்ட்ரீஷியன். வடதுருவக் கடலுக்குப் போகும் பாய்மரக் கப்பல் ஒன்றில், விளக்கும் பேட்டரியும் பார்த்துக்கொண்டு கயிறும் இழுக்க ஆள் கேட்டிருந்தார்கள். நாற்பத்திரண்டு வயதில் முதல் கடல். ஐந்து வாரம் கரையே கிடையாது. புறப்படுமுன் நிரப்ப ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் கடைசிக் கேள்வி: வீட்டில் யாராவது இறந்துவிட்டால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா? சேதி கேப்டனின் போனுக்கு மட்டும்தான் வரும். வந்தாலும் பாதியில் திரும்ப முடியாது.

அவள் அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாள். அக்கா ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தாள்.

“நான் போகலக்கா.”

“போகாம? இங்க உக்காந்து என் குளுக்கோஸ் சொட்டை எண்ணப் போறியா? அதுக்கு நர்ஸ் இருக்கா.” அக்கா படிவத்தைப் பிடுங்கிப் படித்தாள். “வேண்டாம்னு போடுடி.”

“அக்கா...”

“நடுக்கடல்ல நீ ஒப்பாரி வச்சா கயிறை யார் பிடிப்பா, உங்க மாமாவா? அவருக்கு பாத்ரூம் தண்ணியைக் கண்டாலே பயம்.” சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. “நான் இருக்கேன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டு வாடி.”

அவள் ‘வேண்டாம்’ கட்டத்தில் டிக் போட்டாள்.

கப்பலில் கேப்டன் வாய் ஓயாமல் திட்டினார். “ஏ கரண்டு! கயிறு கட்டச் சொன்னா ஜடை பின்னி வச்சிருக்கே!” மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

சூரியன் மறையாத அந்தக் கடலில் ஒரு காலை, அவள் சுக்கானைப் பிடித்து நின்றிருந்தாள். திசை தவறிப் பாய் படபடவென்று அடித்தது. கேப்டன் கீழறையிலிருந்து ஏறி வந்தார். அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். திட்டு வரவில்லை.

“கை விறைச்சிருக்கும். போய்ப் படும்மா. நான் பாத்துக்கறேன்.”

அவர் கையில் ஒரு டம்ளர் டீ. அவளுக்காகக் கொண்டுவந்தது.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தூரத்தில் மிதந்த பனிப்பாளங்களையே பார்த்தாள். கேட்டால் சொல்லிவிடுவார். கேட்காவிட்டால் அக்கா இன்னும் மூன்று வாரமாவது இருப்பாள்.

“என் முறை முடிய ஒரு மணி நேரம் இருக்கு, கேப்டன்.”

“பரவால்லம்மா.”

“அந்த ‘அம்மா’ வேண்டாம். திட்டுங்க.”

“என்னது?”

“தினம் திட்டுற மாதிரியே திட்டுங்க.”

கேப்டன் டம்ளரைக் கீழே வைத்தார். “ஏ கரண்டு,” என்றார். “பாய்... பாய் அடிக்குது பாரு.” குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது.

அவள் சுக்கானைத் திருப்பினாள். முறை முடியும்வரை அங்கேயே நின்றாள். கரை சேரும்வரை அவள் எதுவும் கேட்கவில்லை.

அக்கா அதற்கு முந்தின நாள் இறந்திருந்தாள். மாமா தனியாளாக எல்லாக் காரியத்தையும் முடித்தார். இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். கேப்டன் மறுவருடம் மூட்டுவலியால் கப்பலை விட்டார். அவள் பழையபடி வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறாள். மறுபடி கடலுக்குப் போகவில்லை.