இடது சீட்டின் எடை

அந்த வண்டியில் இடது பக்க சீட் என்னுடையது. அதைத் தைத்ததும் நான்தான். ஒரு கொட்டகையில் கார் சீட் தைப்பது என் தொழில். என் வீட்டுக்காரர் அதே கொட்டகையின் மறுபாதியில் வீல் அலைன்மென்ட் பார்க்கிறார். வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் மலையேற்றக் கார் போட்டியில் அவர் ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த வளைவு எப்படி என்று சொல்லிக்கொண்டே வருவேன். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான். இந்த வருடம் அந்த சீட்டில் ஊசி உட்கார்ந்திருந்தாள்.

ஊசி என்பது நான் வைத்த பெயர், மனதுக்குள் மட்டும் கூப்பிடுவது. அவருடைய அத்தை மகள். ஒரு காலத்தில் அவருக்கே கட்டிவைப்பதாகப் பேசி, பிறகு தட்டிப்போன சம்பந்தம். பக்கத்து ஊரில் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். ஊதினால் பறந்துவிடுவாள். என் சீட்டில் அவளுக்கு இரண்டு பக்கமும் கை நுழைகிற அளவு இடம் மிச்சம். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் ஊசி வீட்டுக்கு வந்து எங்களோடு சாப்பிடும்போதுதான் அவர் அந்தப் பேச்சை எடுத்தார்.

"வண்டிக்கு எடைதான் எதிரி. ஒவ்வொரு கிலோவும் ஏத்தத்துல பின்னாடி இழுக்கும், பிரேக் போட்டா சட்டுனு நிக்க விடாது. இவ ஏறினா பதினஞ்சு கிலோ மிச்சம்."

"அக்கா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்கல்ல?" என்றாள் ஊசி, இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டே. எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாத ஜென்மம்.

"நான் என்ன நினைக்கப்போறேன்," என்றேன்.

ஊசி நாற்பத்தேழு கிலோ. நான் அறுபத்திரண்டு. அதாவது, வீட்டில் நான் சொல்லி வைத்திருப்பது அறுபத்திரண்டு. உண்மையில் எழுபத்தொன்று. அந்த ஒன்பது கிலோ எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் அவர் வண்டியின் நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு தராசு வைப்பார். ஓட்டுகிறவர் சீட்டில் அவருடைய எடைக்கு மூட்டைகளை அடுக்குவார். இடது சீட்டில் நான் ஏறிக்கொள்வேன். அவர் தரையில் படுத்து, எந்தச் சக்கரத்தில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்து, ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கிற வளையத்தைத் திருகுவார். நான் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவேன். சிரித்தால், "ஆடாதே, முள்ளு ஆடுது," என்று அடியிலிருந்து சத்தம் வரும். எங்கள் இரண்டு பேருக்கும் அதைவிட நல்ல சாயங்காலம் இருந்ததில்லை.

இந்தத் தடவை ஊசி அதற்கு வரவில்லை. வகுப்பு இருந்ததாம், நேராகப் போட்டிக்கே வந்து சேர்ந்தாள். என் தராசில் அவள் ஏறவில்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. அவரும் மொத்த எடை குறைந்த குஷியில் இருந்தார்.

முதல் ஓட்டத்தை நான் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன். அந்தச் சாலையில் முதல் பெரிய வளைவு இடது பக்கம் திரும்பும். வலது பக்கம் பள்ளம். அவர் பிரேக்கை மிதித்ததும் இடது முன்சக்கரம் சுற்றாமல் இறுகிப் புகைந்தது. வண்டி திரும்ப மறுத்து, வலது பக்கமாக வழுக்கிக்கொண்டு போய், ஓரக்கல்லுக்கு ஒரு முழம் முன்னால் சுதாரித்துத் திரும்பியது. எனக்கு உயிர் போய் வந்தது.

இறங்கி வந்ததும் அவர் டயரைத் தட்டிப் பார்த்தார், காற்றைக் குறைத்தார். "தரை வழுக்குது போல," என்றார்.

"நான்தான் அத்தான் லேட்டா சொல்லிட்டேன்," என்றாள் ஊசி.

தரையும் இல்லை, அவளும் இல்லை. எனக்கு விளங்கிவிட்டது. அந்த வளையங்களெல்லாம் போன வருடம் நான் உட்கார்ந்திருக்கும்போது திருகியவை, இந்த வருடம் அவர் தொடவே இல்லை. இடது பக்கம் என் பாரம் இருந்தால்தான் நாலு சக்கரமும் ஒழுங்காகத் தரையை அழுத்தும். பாரம் குறைந்ததும் இடது முன்சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. பிரேக் போட்டால் அதுதான் முதலில் இறுகும்.

சொல்லாமல் இருந்தால் இன்னொரு தடவை சறுக்கும், தோற்பார்கள், அடுத்த வருடம் சீட் எனக்கே திரும்பி வரும். அப்படியும் நினைத்தேன். ஆனால் பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் ஊசி இல்லை, என் வீட்டுக்காரர்.

"என்னங்க, வண்டி என் எடைக்கு செட் பண்ணதுங்க," என்றேன்.

கையில் இருந்த காற்றுமானியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "அட ஆமாம்ல," என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். இரண்டாவது ஓட்டத்துக்குள் வளையத்தைத் திருக நேரம் இல்லை. பதிந்த பெயரை மாற்றவும் விதி இல்லை. சாலை ஓரத்துக்குப் போட்டிருந்த மணலை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு, எடை பார்க்கிற கூடாரத்துக்கு ஓடினார். ஊசியின் காலடியில் வைத்து பெல்ட்டால் தரையோடு இறுக்கிவிடலாம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதினைந்து கிலோ அள்ளினால் ஒன்பது கிலோ குறையும். வண்டி மறுபடியும் வலது பக்கம்தான் போகும். உண்மையைச் சொன்னால் அத்தனை பேர் முன்னால், அந்த ஈர்க்குச்சி முன்னால், என் மானம் கப்பலேறும். அவர் பின்னாலேயே ஓடினேன்.

"என்னங்க, பதினஞ்சு போதாது. நான் வந்து..."

முள் இருபத்துநாலில் நின்றுகொண்டிருந்தது.

"தெரியும்," என்றார், தலை நிமிராமல் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே. "இத்தனை வருஷமா தராசு மேலதானேம்மா உக்காந்திருந்தே."

அப்படியானால் சாப்பிடும்போது அந்தப் பதினைந்தை அவர் எனக்காகத்தான் சொல்லியிருக்கிறார். தெரிந்தே.

மூட்டையை இறுக்கும்போது ஊசி கேட்டாள். "இருபத்திநாலு காட்டுச்சே அத்தான்? பதினஞ்சுதானே வித்தியாசம்?"

"மணல் ஈரமா இருக்கு," என்றார்.

"ஈரமா இருந்தா என்ன, கிலோ கிலோதானே?"

டீச்சரம்மா விடுவாளா? அவர் ஹெல்மெட்டைத் தேடினார். காது இரண்டும் சிவந்திருந்தன. அந்த மனிதருக்குப் பொய் சொல்லவே வராது.

நான் ஜன்னலில் குனிந்தேன். "ஈரமெல்லாம் இல்லடி. நான் எழுபத்தொண்ணு." பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். "அந்த இடது வளைவை முன்னாடியே சொல்லு. பெல்ட்ட நல்லா இழுத்துப் போடு."

"சரிக்கா," என்றாள் அவள், முதல் தடவையாகச் சத்தம் இல்லாமல்.

வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. வளைவில் பிரேக் போட்டார். சக்கரம் புகையவில்லை, வண்டி பிசகாமல் இடது பக்கம் திரும்பி மலைக்குப் பின்னால் மறைந்தது. அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போகிறாள் என்று என் வயிறு எரிந்தது எரிந்தபடிதான் இருந்தது. திரும்பி வந்ததும் அந்த மூட்டையை நானே இறக்க வேண்டும் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.