கமலாம்பாள் காய வைத்த பதிவேடுகள்

எங்கள் உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் முப்பது வருஷத்து வருகைப் பதிவேடுகள் இருக்கின்றன. பென்ஷன் கேட்டுப் போகிறவள் தன் பெயர் உள்ள பக்கத்தைக் காட்டினால்தான் காரியம் நடக்கும். மரக்காணத்தில் ஐப்பசி பிறந்தால் சங்க ஆபீசுக்குள் முழங்கால் தண்ணீர். போன மழையில் இரண்டு வருஷத்துப் பதிவேடு கூழாகிவிட்டது. மிச்சத்தையாவது புதுச்சேரிப் பக்கம் ஒரு கிடங்குக் கம்பெனியில் வைப்பது என்று முடிவு செய்தோம். பேரம் பேசுவது தலைவியான என் பொறுப்பு.

கம்பெனியிலிருந்து ஒப்பந்தத்தோடு வந்த நிஷாத்துக்கு என் பேரன் வயசுதான் இருக்கும். பெட்டிக்கு மாசம் இருபது ரூபாய், ஈரம் உலர்த்த ஒரு தடவை நூற்றைம்பது, வெளியே எடுக்க ஒவ்வொரு தடவையும் இருநூறு என்று படித்தான்.

"எங்க ரெஜிஸ்டர எங்களுக்குக் காட்ட எரநூறா? இந்த வருஷம் பென்ஷனுக்கு நாப்பது பேர் நிக்கிறாளுங்க, தம்பி."

"ரேட்டு என் கையில இல்லம்மா. ஆபீஸ்ல போட்டது."

செயலாளர் கமலாம்பாள் பெருமையாக முன்னால் வந்தாள். "பொட்டியத் தூக்கிப் பாருப்பா, வெயிட்டே இருக்காது. மூணு நாளு வரப்புல போட்டுக் காய வெச்சிருக்கேன்."

"எதுக்குங்க?"

"ஈர உப்பு எடை கூடும்ல? பேப்பரும் அப்படித்தான. எடைக்கு ஏத்த மாதிரிதான காசு கேப்ப?"

"எங்களுக்குப் பொட்டிக் கணக்குதாங்க. எடையே போட மாட்டோம்."

கமலாம்பாளின் முகம் சுண்டிப்போனது. "உப்பப் பொரட்டுற மாதிரி பக்கம் பக்கமா பொரட்டினேன்க்கா," என்றாள் என்னிடம்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒப்பந்தத்தைப் பார்த்தேன். அந்த நூற்றைம்பது கண்ணில் பட்டது.

"தம்பி, ஒரு பொட்டியத் தெற."

திறந்தான். தாள் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருந்தது.

"இதுல எந்த ஈரத்த ஒலத்தப் போற?"

நிஷாத் தாளைத் தடவிப் பார்த்தான். மேனேஜருக்குப் போன் போட்டான். "அத அடிச்சிடச் சொல்றாரும்மா."

"போன வெச்சிடாத. எங்களுக்குப் பொட்டி வேணாம், பக்கம்தான் வேணும். போட்டோ புடிச்சி வாட்ஸப்ல அனுப்ப என்ன செலவுன்னு கேளு. கீழ்புத்துப்பட்டு கிடங்குக்காரரு சும்மாவே அனுப்புறேன்றாரு."

"அது யாருக்கா?" என்றாள் கமலாம்பாள். அவள் காலை மிதித்தேன்.

நிஷாத்துக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போனில் பேசினான். அப்புறம் ஒப்பந்தத்தில் எழுதினான்: மாதம் பத்துப் பக்கம் வரை படம் இலவசம்.

கையெழுத்துப் போட்டேன். அவன் முதல் பெட்டியைத் தூக்கினான்.

"நெஜமாவே வெயிட்டே இல்லம்மா."

"நான் சொன்னேன்ல," என்றாள் கமலாம்பாள், மிதிபட்ட காலைத் தேய்த்தபடி. "அனுப்புறதுல மொதப் பக்கம் என்னுதுப்பா."