அம்மை வராத வீட்டில் வேப்பிலை

1

இந்தக் கதை எங்கள் வாசல் நிலையில் காய்ந்து தொங்கிய ஒரு வேப்பிலைக் கொத்திலிருந்து வந்தது. அதைத் தூக்கி எறிய மனமில்லாமல் எழுத உட்கார்ந்தேன். விலங்கியல் படித்தவள். கதை எழுதிப் பழக்கமில்லை.

முதல் தொடக்கம்: "காஞ்சியின் கோபுரங்கள் மீது பொன்வெயில்..." வேண்டாம். அது காலண்டரிலேயே இருக்கிறது.

இரண்டாவது: எழுபதாம் வருஷம், தை மாதம். என் அண்ணி கிருஷ்ணவேணிக்குக் கழுத்து நெறிக்கட்டிகளில் புற்றுநோய். சென்னைக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருவார். அப்போது எங்கள் காஞ்சிக்குப் பக்கத்தில் முசரவாக்கத்தில் பெரியம்மை என்று செய்தி வந்தது.

இது போதும்.

2

டாக்டர் சொன்னது இவ்வளவுதான். சிறுவயதில் குத்திய அம்மைப்பால் தந்த எதிர்ப்புச் சக்தி இந்த மருந்தில் கரைந்து போயிருக்கலாம். புதிதாகக் குத்தவும் கூடாது. குத்துவது உயிருள்ள கிருமி. நம் உடம்பில் ஒரு கொப்புளத்தோடு அடங்கும், அண்ணி உடம்பில் அடங்காது. குத்திக்கொண்டவர்களின் புண்கூட அவர் மேல் படக்கூடாது. ஆனால் சுற்றியிருப்பவர்கள் குத்திக்கொண்டால்தான் அவருக்குக் காவல்.

(இங்கே இரத்த வெள்ளணுக்களைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அண்ணன் தர்மன் படித்துவிட்டு, "பரிச்சை பேப்பராம்மா இது?" என்றார். அடித்துவிட்டேன்.)

3

அம்மை குத்தும் முனுசாமி ஒரே காலையில் தெருவை முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் கொல்லைப் பக்கம் போனேன். பக்கத்து வீட்டு மாணிக்கவாசகம் சீயக்காய் போட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கொல்லையிலும் தண்ணீர்ச் சத்தம். அதற்கடுத்ததிலும்.

கொப்புளம் உடைந்தால் முகூர்த்தப் பட்டில் கறை விழும். வீங்கிய கையால் நெசவுத்தறியில் நாடா எறிய முடியாது. தெருவே அம்மைப்பாலைக் கழுவிவிட்டது.

இந்த இடத்தில் கதாநாயகி நடுத்தெருவில் நின்று, "நெசவாளத் தோழர்களே! ஓர் உயிர் உங்கள்..."

இல்லை. இவளை நான் நம்பவில்லை. நான் பால்காரரிடம் பாலில் தண்ணீர் ஏன் என்றுகூடக் கேட்டறியாதவள். நான் செய்தது, அண்ணியின் காதில் சொன்னது.

4

அண்ணி மொட்டைத் தலையோடு வாசலுக்கு வந்தார்.

"வெயில்ல ஏம்மா வந்தே?" என்றார் மாணிக்கவாசகம்.

"எண்ணெய் செலவில்லாத தலை, வெயில் பட்டா இன்னா மாமா? தோளைக் காட்டு."

அவர் துண்டை இழுத்து மூடினார்.

"சீயக்கா வாசனை தூக்குது. ஏன் கழுவினே?"

"முகூர்த்தப் பொடவைமா. கறை பட்டா எவன் வாங்குவான்?"

"கறை பட்டா ஒரு பொடவை போச்சு. அம்மை பட்டா நான் போயிடுவேன். எனக்கு ஊசி ஆகாதுன்ட்டாங்க. எனக்கும் சேத்து நீங்கதான் குத்திக்கணும்."

அதற்குள் கூடிவிட்ட தெருவிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அப்ப நாங்க உன் வூட்டாண்ட வரலாமா?"

"கொப்புளம் காஞ்சு பொருக்கு உதிர்ற வரைக்கும் வராதே."

மாணிக்கவாசகம் போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்து எங்கள் நிலையில் கட்டினார். அம்மை கண்ட வீட்டுக்குத்தான் கட்டுவோம், ஒருவரும் நுழைய மாட்டார்கள்.

"இனிமே ஆத்தா தெரு பூரா இருப்பா," என்றார். "இந்த வூட்டுக்கு மட்டும் வரக்கூடாது." பிறகு துண்டை எடுத்தார்.

டீக்கடையிலிருந்து திரும்பிய முனுசாமி பெட்டியைத் திறந்தார். "மறுபடி கழுவினே, மூக்குல குத்துவேன்."

5

உள்ளே அண்ணியும் அவர் அம்மா பூவம்மாளும் மட்டும். பூவம்மாளுக்குச் சிறுவயதிலேயே பெரியம்மை வந்து போயிருந்தது, முகமே சாட்சி. நானும் அண்ணனும் குத்திக்கொண்டு மாணிக்கவாசகம் வீட்டுக்குப் போனோம்.

தறிகள் நின்றன. எல்லாத் தோளிலும் கொப்புளம்.

"உன்னுது பட்டாணி. என்னுது பாரு, எலந்தப்பழம்!"

"மாமாவுக்குத்தான் மொதல் பரிசு!" என்று ஜன்னலிலிருந்து அண்ணி தீர்ப்புச் சொன்னார். மாணிக்கவாசகம் தெருவில் ஒரு நடை நடந்து காட்டினார்.

6

முடிவு ஒன்று: அம்மை எங்கள் தெருவுக்குள் நுழைந்து... நுழையவில்லை. முசரவாக்கத்தோடு நின்றது. பொருக்குகள் உதிர்ந்தன. தெரு முழுக்க எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

முடிவு இரண்டு: அண்ணிக்குப் புற்றுநோய் முற்றிலும்... தெரியாது. இன்னும் சென்னைக்குப் போகிறார். தலையில் முடி முளைத்திருக்கிறது, சீப்பு கேட்கிறார்.

ஆகவே முடிவு உங்களிடம். இடது தோளைத் தொட்டுப் பாருங்கள். அம்மை குத்திய வட்டத் தழும்பு இருந்தால், உங்களைத் தடுக்க இந்த வாசலில் இலை இல்லை. உள்ளே வரலாம்.