இருட்டறைக் குறிப்பேடு

"ஒத்தைச் செருப்போடவா ஒரு மனுஷன் வேலைக்குப் போவாரு? இன்னொண்ணு எங்க?"

ஆஸ்பத்திரி ஊழியரிடம் அவள் சண்டைக்கு நின்றாள். அவர் நீட்டிய பிளாஸ்டிக் பையில் மூக்குக்கண்ணாடி இருந்தது, கிழித்து எடுத்த சட்டை இருந்தது, வீட்டுச் சாவி இருந்தது. செருப்பு மட்டும் ஒன்று. உள்ளே புருஷன் பிணமாகக் கிடக்க, தான் செருப்புக்கு மல்லுக்கட்டுவது அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"விடுக்கா, தேடித் தருவாங்க" என்று தம்பி அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட ஓடினான். அக்கா புருஷனைக் கேலி பண்ணாவிட்டால் அவனுக்குச் சாப்பிட்டது செரிக்காது. "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கடல் ஊருக்குள்ள வந்ததைக் கண்டுபிடிக்கிறவருக்கு, அடுப்படிக் குழாய் ஒழுகுறது கண்ணுல படல பாரு" என்று நேற்றுதான் சொன்னான். 

கேலியில் பொய் இல்லை. அவர் வேலை அதுதான். கடலோரச் சதுப்பில் நீளக் குழாயை இறக்கி மண்ணை அப்படியே உருவி எடுப்பார்கள். கறுத்த சேற்றுக்கு நடுவே விரல் கனத்துக்கு மணல் ஓடினால், என்றைக்கோ கடல் அங்கே ஏறி வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மணல் கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று அவர் அளந்து சொல்வார். அதற்குள் கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் போச்சு, மணலில் அளக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஆய்வகத்தில் ஓர் இருட்டறை. உள்ளே மங்கலாக ஒரு சிவப்பு பல்பு. அவர் உள்ளே இருக்கும்போது இடியே விழுந்தாலும் வெளியிலிருந்து யாரும் கதவைத் திறக்கக் கூடாது. அது அவரே போட்ட சட்டம்.

இன்று காலை குழாய் ரிப்பேர்காரர் வந்து, தண்ணீரை எங்கே அடைப்பது என்று கேட்டார். அவள் போன் பண்ணினாள். அவர் போன் எப்போதும் இருட்டறைக்கு வெளியே, உதவியாளரின் மேஜையில்தான் இருக்கும். பதினோரு வருஷமாக அவரோடு வேலை பார்ப்பவள்தான் எடுத்தாள்.

"சார் உள்ள இருக்காருக்கா. கதவைத் தட்டவா?"

"ஐயோ, வேண்டாம்மா. மணலுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்போது மணி பத்து முப்பத்தேழு. அவள் போனில் அது இன்னும் இருக்கிறது.

பகல் ஒரு மணிக்கும் அவர் சாப்பிட வராததால் கதவைத் திறந்திருக்கிறார்கள். "மாரடைப்பு. வலி வந்த உடனே கொண்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்றார் டாக்டர். எல்லோரிடமும் சொல்வதாக இருக்கலாம். அவளுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. வலி எப்போது வந்தது? பத்து முப்பத்தேழுக்கு முன்னாலா, பின்னாலா? அது தெரியாமல் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

உதவியாளர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் அந்த இன்னொரு செருப்பு. மடியில் அவருடைய குறிப்பேடு.

"கதவுகிட்ட கிடந்துச்சுக்கா."

"கதவு வரைக்கும் வந்தாரா?"

"வந்திருக்காரு. மணல் கிண்ணமெல்லாம் மூடியிருந்துச்சு. பதினாறும். நாங்க கதவைத் திறந்தப்பகூட மணலுக்கு ஒண்ணும் ஆகல."

"மூடிட்டா வந்தாரு?" அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாவி மனுஷா! மூடிகிட்டா இருந்தே?"

எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உதவியாளர் அவசரமாகக் குறிப்பேட்டை விரித்தாள்.

"இதைப் பாருங்கக்கா. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கிண்ணத்தைக் கலக்கிட்டு நேரம் எழுதுவாருல்ல? பத்து அம்பது வரைக்கும் எழுதியிருக்காரு. நீங்க பேசினப்ப நல்லாத்தான் இருந்திருக்காரு."

அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. குறிப்பேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் எழுத்தைப் படிக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள்தான் அதைப் படித்துப் படித்துக் கணினியில் ஏற்றுவாள். மங்கல் வெளிச்சத்தில் பென்சிலால் குத்துமதிப்பாக எழுதுவதால் எண்கள் கோட்டில் நிற்காது. ஒன்று மேலே ஏறும், ஒன்று அடுத்த வரியின் தலையில் உட்காரும். ஒன்பது ஐம்பது அப்படித்தான் இருந்தது. பத்தும், பத்துப் பத்தும் அப்படியே. பத்து இருபது பாதி ஓரத்துக்கு வெளியே ஓடியிருந்தது.

பத்து முப்பது, பத்து நாற்பது, பத்து ஐம்பது மூன்றும் கோட்டின் மேல் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன.

அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நல்ல வெளிச்சத்தில், கண்ணால் பார்த்து எழுதியவை. உதவியாளர் செருப்பின் வாரையே திருகிக்கொண்டிருந்தாள்.

"பத்து இருபதோட நிக்குது" என்றாள் அவள்.

உதவியாளர் செருப்பைக் கீழே வைத்தாள். "அந்த மூணும் நான் எழுதினதுக்கா. நீங்க வேண்டாம்னுதான் சொன்னீங்க. நான் தட்டியிருக்கலாம்ல? தட்டலியேக்கா. நாலடி தள்ளி உக்காந்து டீ குடிச்சுட்டு இருந்தேன்."

 உள்ளே அவர் நெஞ்சு வலியோடு ஒவ்வொரு மூடியாகத் தேடிப் போட்டுக்கொண்டிருக்க, வெளியே இரண்டு பெண்கள் போனில் அவரைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு கதவுக்கு உள்ளே கேட்டிருக்குமோ? இதை இனி யாரிடமும் கேட்க முடியாது.

இந்த மூன்று வரியை இப்படியே விட்டுவிட்டால் தம்பி நம்புவான், ஊர் நம்பும். கொஞ்ச நாள் போனால் தானும் நம்பிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் யாரோ ஒரு நேரத்தை உத்தேசமாக எழுதிவிட்டார் என்று ஒரு மாத வேலையைத் தூக்கிக் குப்பையில் போட்டவர் அவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

"ரப்பர் வச்சிருக்கியா?"

"அக்கா…"

"வச்சிருக்கியா, இல்லியா?"

உதவியாளர் கைப்பையைத் துழாவி எடுத்தாள். உதவியாளரே அந்த மூன்று வரியையும் அழிக்கத் தொடங்க, தாள் மடங்கப் பார்த்தது. அவள் தன் மடியிலிருந்த குறிப்பேட்டைப் பெஞ்சில் வைத்து, தாள் கிழிந்துவிடாமல் இரண்டு ஓரத்தையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா" என்றாள். "மேல இருக்கிற வரியில பட்டுடாம."